எப்ப அண்ணை மூடவிடாத ஆய்வு

உலகத்திலேயே "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தப்பமுடியாத ஒரே அலுவலகம் எங்களுடையதுதான். காரணம், அதன் வாசலோரக் கதிரையில் எப்ப அண்ணை இருந்தார்.

எங்கள் பக்கத்தில் யாரும் "போறன்" என்று சொல்லிக்கொண்டு படி இறங்குவதில்லை. அப்படிச் சொல்வது கூடாது. திரும்பி வரும் எண்ணம் துளியும் இல்லாதவர்கூட "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வார். அதை யாரும் வாக்குறுதியாக எடுப்பதில்லை. எப்ப அண்ணை மட்டும் எடுப்பார். தலையை நிமிர்த்தாமலே "எப்ப?" என்று கேட்பார். தண்ணீர்ப் போத்தல் இறக்க வந்தவரானாலும் சரி, கொழும்பிலிருந்து வந்த பேராசிரியரானாலும் சரி, ஒரு நாளைச் சொல்லாமல் வாசலைத் தாண்டமுடியாது. அந்தப் பேராசிரியர் திகைத்துப்போய்க் கைத்தொலைபேசியில் நாட்காட்டியைப் பார்த்து ஒரு புதன்கிழமையைச் சொல்லிவிட்டுப் போனார். பாவம், அந்தப் புதன்கிழமை வந்தும் விட்டார்.

கோப்புகளைப் பார்க்கும் எழுத்தரான அவருக்கென்று சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அது ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு அலுவலகம். மனிதர்களிடம் இரத்தம் எடுத்தோ கேள்வி கேட்டோ ஆய்வு செய்கிறவர்கள் முதலில் அங்கே அனுமதி வாங்கவேண்டும். வருடாவருடம் அதைப் புதுப்பிக்கவேண்டும். ஆய்வு முடிந்தால் முடிந்தது என்று அறிவிக்கவேண்டும். அனுமதி வாங்க எல்லோரும் ஓடிவருவார்கள். முடிந்ததைச் சொல்ல ஒருவரும் வருவதில்லை. பட்டம் கிடைத்தவர் பட்டத்தோடு போய்விடுவார், கோப்பு அலுமாரியில் திறந்தபடியே கிடக்கும். எப்ப அண்ணைக்கு இதை நினைத்தாலே கொதி வரும்.

"சனத்திட்டை ரத்தத்தை வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போறதோ? உவங்கள் என்ன நுளம்பே?" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அலுவலகம் இணையத்துக்கு மாறியது. பழைய கோப்புகளெல்லாம் புதிய கணினி முறைக்குள் போகவேண்டும். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் கணினியே ஒரு மின்னஞ்சல் அனுப்பும். ஆய்வு தொடர்கிறது என்று பதில் போட்டால் கோப்பு புதிய இடத்துக்கு மாறும். மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் கணினி தானாகவே அந்த ஆய்வை மூடிவிடும். ஏற்பாடு கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணினி அனுப்பிய அத்தனை மின்னஞ்சலும் அவரவருடைய குப்பைப் பெட்டிக்குள் நேரே போய் விழுந்தது.

இதை முதலில் பிடித்தவர் எப்ப அண்ணை. "கடிதம் போட்டிட்டன் எண்டு கணினி சொல்லுது. ஆர் வாங்கினது எண்டு கேட்டால் வாயைத் திறக்குதில்லை" என்று சொல்லிவிட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு ஆய்வாளர்களைத் தேடிக் கிளம்பினார்.

ஒருவரை அவருடைய கலியாணத்திலேயே பிடித்தார். மணவறையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் படத்துக்கு நிற்க, அண்ணை பக்கத்தில் ஏறி நின்று, "தம்பி, உம்மடை ஆய்வு தொடருதோ, முடிஞ்சுதோ?" என்று கேட்டார். மாப்பிள்ளை பதறி, "முடிஞ்சுது அண்ணை, எல்லாம் முடிஞ்சுது" என்றார். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படம் இன்றைக்கும் அவர்களுடைய அல்பத்தில் இருக்கிறது. பொம்பிளையின் முகத்தைப் பார்த்தால் அவர் அந்தப் பதிலை வேறு மாதிரி விளங்கிக்கொண்டது தெரியும்.

இன்னொருவர் கனடாவில். அவருடைய தாயார் சுருவில் கிராமத்தில் இருக்கிறார் என்று அறிந்து அண்ணை அங்கே போனார். தாயார் உடனே வீடியோவில் மகனைக் கூப்பிட்டு, "டேய், எத்தினை பேரின்ரை ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போனனி? இஞ்சை ஒரு மனிசன் வெய்யிலுக்கை வந்து நிக்கிறார்!" என்று தொடங்கினார். மகன் அன்றைக்கே பதில் போட்டார். ஒரு தரமல்ல, இரண்டு தரம்.

ஒரு ஆய்வாளர் இறந்துபோயிருந்தார். கணினியில் மூடுவதற்கான காரணங்களைத் தேடினால் 'நிறைவு', 'விலகல்', 'பதில் இல்லை' என்று மட்டும் இருந்தது. பதில் இல்லை என்று போட்டுவிடச் சொன்னார்கள் கணினிப் பிரிவினர். எப்ப அண்ணை எழுந்து நின்றுவிட்டார். "செத்த மனிசனைப் பதில் சொல்லாதவர் எண்டு எழுத என்னாலை ஏலாது. உயிரோடை இருக்கேக்கை அவர் ஒரு கடிதத்துக்கும் பிந்தினதில்லை." அவர்களோடு ஒரு கிழமை முழுக்க மல்லுக்கட்டி, 'காலமானார்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கவைத்த பிறகுதான் அந்தக் கோப்பை மூடினார். மூடிவிட்டு அன்று பின்னேரம் அந்த வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இனி என் கதை. நான் அப்போது உதவி விரிவுரையாளர். நெடுந்தீவில் உவர்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்களின் இரத்த அழுத்தத்தை ஒரு வருடமாக அளந்துகொண்டிருந்தேன். கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. எந்தக் கிணறு ஆகாது என்று அவர்களுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் ஆய்வு மூடப்பட்டால் எடுத்த அளவு ஒன்றையும் பயன்படுத்த முடியாது. மீண்டும் முதலிலிருந்து அளக்க அவர்களுடைய கையைக் கேட்கவேண்டும். குப்பைப் பெட்டியில் கிடந்த மின்னஞ்சலை அண்ணை சொல்லிக் கண்டிருந்தும், மாத முடிவுக்கு நாள் கிடக்கிறது, ஊர் திரும்பிப் பதில் போடலாம் என்ற நம்பிக்கையில் நான் தீவுக்குப் போய்விட்டேன். போனபின் கணினிப் பிரிவு, மூடுவதை அந்த வெள்ளிக்கிழமைக்கே முன்தள்ளிவிட்டது. நெடுந்தீவிலோ தொலைபேசிக் கோபுரம் பழுது. எனக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எப்ப அண்ணை சரவணையில் பிறந்த தீவார்தான். ஆனால் கடல் என்றால் அவருக்கு உயிர்ப் பயம். கடலுக்கு மேலால் போகும் பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போதே கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுகிறவர். கண்டக்டர் தட்டிச் சொன்னால்தான் கண் திறப்பார்.

வெள்ளிக்கிழமை காலை சூசைமுத்து அண்ணை வீட்டு முற்றத்தில் இருந்தேன். அவர் மாடு வளர்ப்பவர், என் ஆய்வில் முதலில் கைநீட்டியவர். அவருடைய கையில் இரத்த அழுத்தக் கருவியின் பட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கல்வேலிக்கு வெளியே ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. அதன் பின்பெட்டியிலிருந்து எப்ப அண்ணை இறங்கினார். முகம் வேப்பங்காய் நிறம். நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் பை. நடக்கமுடியாமல் நடந்து வந்து கேட்டார்:

"பிள்ளை, தொடருதோ, முடிஞ்சுதோ?"

"தொடருது அண்ணை! நீங்கள் என்னெண்டு வந்தனீங்கள்?"

"அதைக் கேக்காதையும்" என்று சொல்லிக் கதிரையில் சரிந்தார்.

சூசைமுத்து அண்ணை தன் கையிலிருந்த பட்டியைத் தானே கழற்றினார். "பிள்ளை, எனக்கு விடும். முதல்ல உந்த மனிசனுக்குப் பிறசரைப் பாரும்."

பார்த்தேன். கருவியே கொஞ்சம் பயந்ததுபோல் இருந்தது. எப்ப அண்ணை கண்ணை மூடியபடியே எச்சரித்தார். "பாக்கலாம். ஆனால் எழுதக்கூடாது. நான் சம்மதப் படிவத்திலை கையெழுத்து வைக்கேல்லை."

பைக்குள் இருந்த தாளில் நான் கையெழுத்து வைத்தேன். தீவில் இணையம் இல்லாததால், அலுவலகம் பூட்டுமுன் தாள் வந்து சேர்ந்தால் ஏற்றுக்கொள்வதாகக் குழுத் தலைவர் சம்மதித்திருந்தார். சூசைமுத்து அண்ணை தயிர் கொண்டுவந்து நீட்டினார். "திரும்பக் கடல் கிடக்கு" என்று எப்ப அண்ணை கும்பிட்டு மறுத்தார்.

இறங்குதுறையில் படகு இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு நின்றது. சூசைமுத்து அண்ணையும் நானும் வழியனுப்பப் போயிருந்தோம். எப்ப அண்ணை படகில் ஏறி, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "அப்ப நான் போறன்."

படகிலிருந்த பெண்கள் "ஐயோ!" என்றார்கள். படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "ஐயா, கடல் ஏறேக்கை என்ன கதை கதைக்கிறியள்? ஒழுங்காய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் எடுக்கமாட்டன்."

"நான் இனி இந்தக் கடலிலை வரமாட்டன் தம்பி. வாறன் எண்டு பொய் சொல்லேலாது."

"அப்ப இருங்கோ. எல்லாரும் இருப்பம்."

சனம் கத்தத் தொடங்கியது. வெயில் உச்சிக்கு வந்தது. என் ஒரு வருடம் அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. எப்ப அண்ணை கடலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 

"போட்டு வாறன்" என்றார், மிக மெதுவாக.

அவருடைய பெயரின் கதையை நான் வழியில் சூசைமுத்து அண்ணைக்குச் சொல்லியிருந்தேன். அவர் கையை வாயருகே குவித்துக் கத்தினார்: "எப்ப?"

துறை முழுவதும் சிரித்தது. எப்ப அண்ணை சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "ஆய்வு முடியேக்கை" என்றார். படகு புறப்பட்டது. தாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நான் ஊர் திரும்பிய பிறகுதான் அறிந்தேன்.

ஆய்வு முடிந்தபோது அவர் ஓய்வுபெற்றிருந்தார். ஆய்வை மூடக் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் வாக்கு வாக்குத்தானே. நெடுந்தீவுக்கு என்னோடு மறுபடி படகு ஏறினார், மறுபடி வேப்பங்காய் நிறமானார். வீடு வீடாக வந்தார். எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று நான் சொல்லி முடித்ததும், அவர் எழுந்து நின்று, "உங்களாலைதான் இது முடிஞ்சது. பெரிய உபகாரம். போட்டு வாறம்" என்று கும்பிடுவார். சூசைமுத்து அண்ணை வீட்டில் இந்த முறை தயிரும் சாப்பிட்டார். திரும்பும் வழியில் அதற்கு வருந்தினார்.

இன்று நான் எழுதுவது, படிப்பிப்பது எல்லாம் அந்த ஒரு தாள் கடல் கடந்ததால் வந்தது. இதை அவரிடம் சொன்னால், "நீர் கையெழுத்து வைச்சீர், நான் கொண்டுபோனன், அவ்வளவுதான்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

போன மாதம் சரவணைக்கு அவரைப் பார்க்கப் போனேன். முழங்கால் வருத்தம். படலைவரை வந்து வழியனுப்பவே கஷ்டப்பட்டார்.

"போட்டு வாறன் அண்ணை."

"எப்ப?"

இந்த முறை அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் பொங்கலுக்குத்தான் வருவதாக நினைத்திருந்தேன்.

"வாற சனிக்கிழமை" என்றேன். சொன்னபடி அந்தச் சனிக்கிழமை போனேன்.