இருபத்து நாலு ஆம்பியர் சென்னியப்பன்

இது சத்தியமாக நடந்த கதை. சரி, சத்தியம் வேண்டாம். பனியன் துணி மாதிரி அங்கங்கே கொஞ்சம் இழுபட்டிருக்கும், கிழியவில்லை.

லோடைக் குறைத்து எழுதும் இனம் என்று ஒன்று உண்டு. திருப்பூரில் கல்லை விட்டெறிந்தால் அதன் தலையில்தான் விழும். பதினாறு மெஷின் ஓடும் ஷெட்டுக்குக் கரண்ட் விண்ணப்பத்தில் ஒன்பது என்று எழுதும், ஏசியை ஃபேன் என்னும், கம்ப்ரஸரைக் கண்ணிலேயே பார்த்ததில்லை என்னும். ஆபீசர் வந்தால்? மெஷின்மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி, "ரிப்பேருங்க" என்னும்.

அந்த இனத்தின் தலைமகன் நிட்டிங் ஷெட் முதலாளி சென்னியப்பன். மூன்று வருஷமாக ஷெட்டுக்குப் பின்னால் சொந்தக் கையால் ஒரு குட்டி விமானம் கட்டினார். பழைய காரின் ரோட்டரி இன்ஜின். பெட்ரோல் பீய்ச்ச இன்ஜெக்டர், அதற்கு அழுத்தம் கொடுக்க இரண்டு பம்ப், பொறி தட்ட நாலு காயில், இத்தனையையும் மேய்க்க ஒரு கம்ப்யூட்டர். எல்லாம் கரண்டில். கரண்ட் நின்றால் இன்ஜினும் நிற்கும். தரையில் நின்றால் பரவாயில்லை. வானத்தில்?

மொத்த லோடு எவ்வளவு என்று எலக்ட்ரீஷியன் முனீஸ் கேட்டான். சென்னியப்பன் எழுதிக் கொடுத்தார்: இருபத்து நாலு ஆம்பியர். அதற்குத் தோதாகக் கரண்ட் தயாரிக்க முப்பது ஆம்பியர் ஆல்டர்னேட்டரும், துணைக்கு ஒரு குட்டி பேட்டரியும் வந்து உட்கார்ந்தன.

மனைவி ஜெயசுதா ஒரே நிபந்தனை வைத்தாள்: "கட்டிப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்க. நிக்காம ஓடுச்சுன்னா ரெண்டாவது சீட்ல நானே உக்காந்துக்கறனுங்க. நின்னுச்சு, பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளம் பக்கம் ஒரு தோப்பில், விமானத்தைத் தென்னை மரத்தோடு கட்டி முடுக்கினார்கள். அந்தச் சத்தத்தில் கணியூர்க் கோழிகளெல்லாம் முட்டை போட மறந்தன. பதினேழாவது நிமிஷம் பேட்டரி வற்றியது. இன்ஜின் விக்கியது. நின்றது.

ஓடும்போதே முனீஸ் ஒயரில் மீட்டரை மாட்டிப் பார்த்திருந்தான். "முப்பது தர்ற எடத்துல நாப்பத்தாறு இழுக்குது மொதலாளி! நீங்க இருபத்து நாலுன்னுல்ல எழுதியிருக்கீக?"

"ரெண்டாவது பம்ப்பையும் ரேடியேட்டர் ஃபேனையும் உட்டுட்டனப்பா. பேனாவ எடுத்தாக் கை தானா எறங்கீருது."

"ஏனுங்க, உங்க ப்ளேனைச் சோதிக்க ஆகாசத்துல எந்த ஆபீசருங்க நிக்கறாரு?" என்ற ஜெயசுதா, பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டாள். "வெயிட்டுங்களா? ஒரு இருநூத்தம்பது கிலோ இருக்குமுங்க."

"முன்னூத்தம்பதுன்னு சொல்லு புள்ள!" என்று பின்னாலிருந்து கத்தினார் சென்னியப்பன்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஷெட் மயில்சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நானெல்லாம் உள்ளத உள்ளபடி எழுதறவனுங்க."

"அப்ப பன்னெண்டு மெஷினை ஏழுன்னு எழுதச் சொன்னது உங்க ஆவியாண்ணே?" என்றான் முனீஸ்.

மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். சென்னியப்பன் முனீஸுக்குத் துணையாகப் பாய்ந்தார். தோப்புக்காரர், "எம்பட மரத்த அவுத்துட்டு அடிச்சுக்கங்க!" என்று குறுக்கே விழுந்தார்.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? போன வாரம் டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டாரே, நீங்கள் பதில் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர் ஏன் இருமினார்? சரி, அதை யோசித்துச் சொல்லுங்கள். முதலில் மயில்சாமியைப் பிடியுங்கள், கையில் ஸ்பேனர் இருக்கிறது.