கடைவாயில் ஓர் எல்லைத் தகராறு

"டாக்டர், இவர் ஊசின்னா பயப்படறவராம்!"

மேஜைக்கார அம்மாள் உள்ளே பார்த்துக் கத்தியதும், பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்த அத்தனை பேரும் ஆமாஞ்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தைகூடப் பார்த்தது.

"ரகசியமாச் சொல்லுங்கன்னுதானேம்மா கேட்டேன்?" என்றார் அவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"ரகசியமாத்தான் சொன்னேன். என் குரல் அப்படி" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள்.

ஆமாஞ்சாமி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவர் ஜவுளிக்கடையில் சட்டைத்துணிப் பிரிவில் நிற்பவர். புருஷன் நீலம்தான் வேண்டும் என்பார். பெண்டாட்டி பழுப்புதான் எடுப்பாக இருக்கும் என்பாள். "சரியாச் சொன்னீங்க சார். அம்மா சொல்றதும் ரொம்பச் சரி" என்று இரண்டையும் கிழித்துப் பொட்டலம் கட்டிவிடுவார். சொந்தமாக ஒரு கருத்து வைத்துக்கொள்வது, மடித்த சட்டையில் குண்டூசியை விட்டு வைப்பது மாதிரி, என்றைக்காவது யாரையாவது குத்தும் என்பது அவர் எண்ணம். அது ஒன்றுதான் அவருடைய சொந்தக் கருத்து. அதையும் வெளியே சொன்னதில்லை.

முதுகெலும்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைத் தொட்டுக் காட்டுவார். "எனக்கு இதுதாங்க. எந்தப் பக்கம் வேணும்னாலும் வளையும்."

அன்று காலை அவர் மனைவி தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "ரெண்டு தடவை படி வரைக்கும் போயிட்டு, வலி நின்னுடுச்சுன்னு திரும்பி வந்துட்டீங்க. இன்னிக்குப் பல்லோட வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"நீ சொன்னா சரிதாம்மா."

"வந்தீங்கன்னா, நாளைக்கு நானே கூட வந்து உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவேன். எல்லாரும் பார்க்கட்டும்."

அதனால் இந்த முறை படியைத் தாண்டி வந்துவிட்டார். ஊசியைத் தாண்டுவதுதான் பாக்கி.

சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய நாடு, தன் பக்கத்து நாட்டில் ஒரு மாகாணத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டதாம். வரைபடத்தில் ஒரு மூலை நிறம் மாறியது. நான்கு பேர் நான்கு சதுரங்களில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசினார்கள்.

உள்கதவு திறந்தது. ஒரு தடித்த மனிதர், வாயில் பஞ்சோடு, ஜெயித்துவிட்டு வருபவர்போல வந்தார். "நல்லாக் கேட்டுட்டேன்! சின்ன நாடுன்னா இளக்காரமா?" என்று பஞ்சு வழியாகச் சொல்லிவிட்டு, கை வீசிக்கொண்டு படியிறங்கினார்.

"அடுத்தது நீங்க" என்றாள் மேஜைக்கார அம்மாள்.

உள்ளே இரண்டு டாக்டர்கள், ஒரே நாற்காலி. புருஷன் பெண்டாட்டி இருவருமே பல் வைத்தியர்கள். டாக்டர் குட்டை, டாக்டரம்மா நெட்டை. நாற்காலியை ஏற்றி இறக்க இந்தப் பக்கம் ஒரு மிதி, அந்தப் பக்கம் ஒரு மிதி இருந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து மாட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனார். டாக்டர் படத்தைத் தட்டிக் காட்டினார். "பாருங்க. இதான் ஞானப்பல். நிமிர்ந்து வரல. படுத்துக்கிட்டு, முன்னாடி நிக்கிற பல்லைப் போட்டு முட்டுது."

"எனக்கு ஞானம் லேட்டாத்தான் வரும்னு எங்கப்பா சொல்வார் டாக்டர். படுத்துக்கிட்டு வரும்னு சொல்லல."

டாக்டர் சிரிக்கவில்லை. இடுக்கியைக் கையில் எடுத்தார். "நியூஸ் பார்த்தீங்களா? அந்தப் பெரிய நாடு செஞ்சதுல என்ன தப்பு? அந்த மாகாணத்துல இருக்கறவங்க பாதிப் பேர் இவங்க பாஷைதான் பேசறாங்க. ஒரு காலத்துல அது இவங்களோடதுதான். என்ன சொல்றீங்க?"

ஆமாஞ்சாமி இடுக்கியைப் பார்த்தார். இவ்வளவு எளிதான கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"சரியாச் சொன்னீங்க டாக்டர்."

"ஓஹோ!" என்று பின்னால் ஒரு குரல். டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஒரு காலத்துல இவர் அவங்கம்மா மடியிலதான் இருந்தார். அதுக்காக இப்ப திரும்பப் போய் உக்காந்துக்குவாரா? கேளுங்க!"

இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஆமாஞ்சாமி விளக்கைப் பார்த்தார்.

டாக்டர் கை கழுவ அந்தப் பக்கம் திரும்பியதும் டாக்டரம்மா குனிந்தார். "அடுத்தவன் வீட்டு மாடி நல்லாருக்குன்னு நான் போய் என் பாயை விரிச்சா ஒத்துக்குவாங்களா? நீங்களே சொல்லுங்க."

அவர் கையில் வளைந்த கம்பி ஒன்று இருந்தது. அதன் முனை இடுக்கியைவிடக் கூர்மையாக இருந்தது.

"அம்மா சொல்றதும் ரொம்பச் சரி" என்றார் ஆமாஞ்சாமி, முணுமுணுப்பாக.

குழாய் நின்றது. "என்னது?" என்றார் டாக்டர், ஈரக் கையோடு. "இப்பத்தானேய்யா என் கட்சில இருந்தீங்க?"

"ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க..."

இருபது வருஷமாக விற்பனையைக் காப்பாற்றிய வசனம் அது. ஆனால் அதுவரை அவர் விற்றதெல்லாம் துணி. பல் விற்றுப் பழக்கமில்லை.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். எக்ஸ்ரேயின் முன்னால் போய் நின்று, வரைபடத்தைக் காட்டும் தளபதி மாதிரி விரலை நீட்டினார். "இந்த ஞானப்பல் ஸ்ட்ராங். முன்னாடி இருக்கற பல்லு சொத்தை. நான் என்ன சொல்றேன்னா, சொத்தைப் பல்லைப் பிடுங்கிடுவோம். பெரியவன் அந்த இடத்துக்கு வந்து நிமிர்ந்துக்கட்டும். வலுவுள்ளவன் வரதுதான் இயற்கை."

"அநியாயம்!" என்றார் டாக்டரம்மா. "முட்டினவன்தான் வெளிய போகணும். சொத்தையை நான் அடைச்சுத் தரேன்."

"ரெண்டுலயும் நியாயம் இருக்குன்னு இவரே சொல்லிட்டார். அப்ப ரெண்டையும் எடுத்துடலாமா?" என்றார் டாக்டர்.

ஆமாஞ்சாமி கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "டாக்டர், எனக்கு அரசியல் எல்லாம் தெரியாதுங்க!"

"தெரியாதா? அப்ப உங்களைக் கேக்கவே வேணாம். தெரியாதவங்க இடத்தைத் தெரிஞ்சவங்க பங்கு போட்டுக்கறதுதானே உலகத்துல நடக்குது" என்று சொல்லி டாக்டர் மிதியை மிதித்தார். நாற்காலி மேலே போனது.

"இந்த ரூம்ல அது நடக்காது" என்று டாக்டரம்மா தன் மிதியை மிதித்தார். நாற்காலி கீழே வந்தது.

"அந்த மாகாணத்துக்காரங்களே ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டாங்க!" நாற்காலி ஏறியது.

"துப்பாக்கியைப் பக்கத்துல வச்சுக்கிட்டா? இதோ, இடுக்கியை நீங்க கையில வச்சிருக்கறதாலதான் இவரும் தலையாட்டறார்!" நாற்காலி இறங்கியது.

ஆமாஞ்சாமி எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டினார். ஏறும்போது டாக்டருக்கு, இறங்கும்போது டாக்டரம்மாவுக்கு. நழுவிப் போய்விடலாம் என்று ஒரு காலைக் கீழே வைக்கப் பார்த்தார். நாற்காலி ஏறிக்கொண்டிருந்ததால் தரை கிடைக்கவில்லை. செருப்புதான் விழுந்தது.

"பாருங்க, தலையாட்டறார்! சொத்தைப் பல்லை எடுக்கலாம்!" டாக்டர் இடுக்கியோடு நெருங்கினார்.

அந்தச் சொத்தைப் பல்லைப் பற்றி ஆமாஞ்சாமி அதுவரை யோசித்ததே இல்லை. அது பாட்டுக்கு ஓரமாக நின்று, கொடுத்ததை எல்லாம் மென்றுகொண்டிருந்தது. முட்டினால் வாங்கிக்கொண்டது. யார் எது சொன்னாலும் சரி என்று இருந்தது. சட்டைத்துணிப் பிரிவில் வைத்தால் நன்றாக வியாபாரம் செய்திருக்கும்.

கடைசியில் அதைப் போய்ப் பிடுங்குவதா?

"முடியாது!" என்று ஒரு சத்தம் கேட்டது. தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன முடியாது?" என்றார் டாக்டர்.

"அவன் பெரியவனா இருந்தா அவன் இடத்துல நிமிர்ந்து நிக்கட்டும்! அடுத்தவன் மேல எதுக்குச் சாயறான்? சின்னவன் சொத்தையாத்தான் இருக்கட்டுமே! அவன் அங்கேயே முளைச்சவன்! அவனைப் போகச் சொல்ல நீங்க யாரு?"

"சரியாக் கேக்கல" என்றார் டாக்டரம்மா. "நல்லா வாயைத் திறந்து சொல்லுங்க."

ஆமாஞ்சாமி நல்லா வாயைத் திறந்தார். "நேத்து வரைக்கும் பக்கத்துப் பக்கத்துல நின்னவங்கதானே? ஒரே சோத்தைத்தானே மென்னாங்க?"

"அப்ப பெரிய நாட்டோட பாதுகாப்பு?" டாக்டர் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன பொல்லாத பாதுகாப்பு? பக்கத்துல இருக்கறவன் இவனைக் கடிச்சானா?"

எங்கோ சுருக்கென்றது. மனசாட்சி என்று நினைத்துக்கொண்டார். அதிகம் பயன்படுத்தியதில்லை என்பதால் அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"இன்னும் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே.

இன்னும் சொன்னார். எல்லைக்கோடு என்பது சுண்ணாம்புக் கோடா, நினைத்தபோது அழித்துப் போட, என்றார். பாஷை ஒன்றாக இருந்தால் நிலம் சொந்தமாகிவிடுமா, அப்படிப் பார்த்தால் என் கடையில் வந்து தமிழில் பேரம் பேசுகிறவனெல்லாம் கடையை எழுதி வாங்கிக்கொண்டு போகலாமே, என்றார். பேசப் பேச நாக்கு தடித்துக்கொண்டு வந்தது. கன்னம் கனத்தது. உணர்ச்சிப் பெருக்கு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று வியந்துகொண்டார். அரசியல்வாதிகள் பேச்சு ஏன் பாதி புரிவதில்லை என்பதும் அப்போது அவருக்கு விளங்கியது.

டாக்டர் விடவில்லை. "துறைமுகம்? துறைமுகம் வேணாமா அவங்களுக்கு?"

"துதைமுகம் வேணும்னா காசு குதுத்து வாதகைக்கு எதுத்துக்கத்தும்!"

ஏதோ அசைந்தது. ஏதோ இழுபட்டது. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு இடைஞ்சல் செய்தார்கள். பேச்சு நடுவில் நிற்பதுதான் ஆமாஞ்சாமிக்குப் பிடிக்கவில்லை. விரலை ஆட்டி மீதி வாதத்தைச் சொன்னார்.

தட்டில் டங் என்று ஒரு சத்தம்.

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "சரியாச் சொன்னீங்க சார். நான்தான் தப்பு. முட்டினவனையே எடுத்தாச்சு."

ஆமாஞ்சாமி தட்டைப் பார்த்தார். ஞானப்பல் படுத்துக் கிடந்தது. நாக்கால் தடவிப் பார்க்க முயன்றார். நாக்கு எங்கே இருக்கிறதென்று பிடிபடவில்லை. விரலை விட்டுப் பார்த்தார். பாவப்பட்ட சொத்தைப் பல் தன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஊஹி?" என்றார் பஞ்சைக் கடித்தபடி.

"அதெல்லாம் முடிஞ்சுடுச்சு. போய்ட்டு வாங்க. அடுத்த வாரம் சொத்தையை அடைச்சுடலாம்" என்றார் டாக்டரம்மா, செருப்பை எடுத்துக் கொடுத்து.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சண்டைச் சூட்டில் இவர்கள் ஊசி போடவே மறந்துவிட்டார்கள். ஊசி இல்லாமல், ஒரு பல்லை, அதுவும் ஞானப்பல்லை, பேசிக்கொண்டே கொடுத்திருக்கிறார்! கருத்து உள்ள மனிதனுக்கு வலி கிடையாது. இத்தனை வயசுக்கு அப்புறம் தெரிகிறது.

அது மட்டுமா? படித்த மனிதர் ஒருவர், அவரைப் பார்த்து, "சரியாச் சொன்னீங்க" என்றிருக்கிறார். இதுவரை அந்த வசனம் கல்லாவுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. திரும்பி வந்ததே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு ஆமாஞ்சாமி வெளியே வந்தபோது அளவு நாடா விறைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் தன் கருத்தைச் சொல்வது என்று முடிவு செய்தார். எதைப் பற்றி என்பதை வழியில் யோசித்துக்கொள்ளலாம். நாளை கடையில் நீலமா பழுப்பா என்று கேட்டால், பழுப்பு உங்களுக்குச் சகிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டியதுதான்.

டி.வி.யில் அந்த மாகாணம் இன்னும் பெரிய நாட்டின் நிறத்திலேயே இருந்தது. விஷயம் அவ்வளவு தூரம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவர் பொறுத்துக்கொண்டார்.

மேஜையருகே, பயில்வான்போல ஒரு மீசைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாருக்கும் கேக்காம..." என்று குனிந்து, மேஜைக்கார அம்மாளின் காதில் ஏதோ கெஞ்சினார்.

ஆமாஞ்சாமி அவர் தோளைத் தட்டி, பஞ்சு வழியாக, "தைதியமா போங்க. சின்ன நாத்தை வித்துக் குதுத்துதாதீங்க" என்றார்.

அந்த அம்மாள் ஸ்வெட்டரை மடியில் வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள்:

"டாக்டர், இவரும் ஊசின்னா பயப்படறவராம்! இந்தத் தடவை பெரிய நாட்டுக் கட்சி நீங்களா, அம்மாவா?"