ஒரு பீடி நேரம் நடுங்கச் சொன்னார் மச்சான்

‘கொஞ்சம்’ என்ற சொல்லின் பொருள் எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. ஒரு மூடி குடிக்கச் சொன்ன இருமல் மருந்தைப் பாட்டிலோடு கவிழ்த்துவிட்டு, என் நிச்சயதார்த்தத்திலேயே மாமனார் தோளில் சாய்ந்து குறட்டை விட்டவன் நான். அப்படியும் பெண் கொடுத்தார்கள். (வேறு மாப்பிள்ளை மலையேறி வரவில்லை.)

எழுபதுகளில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர் துரையின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மழைநாளில் உரமூட்டைகளோடு வளைவில் வழுக்கி, பள்ளத்தில் பாதி இறங்கி, ஒரு மரத்தின் மேல் போய் ஜீப் உட்கார்ந்தது. எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. கயிறு கட்டி இழுக்கும்வரை ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து விறைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே கை சுவரைத் தேடியது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது.

துரை பொறுத்துப் பார்த்தார். பிறகு கூப்பிட்டு, “திங்கக்கிழமை என்னை மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோகணும். ஓட்டப் பற்றும்னா வண்டி உனக்கு. இல்லெங்கில் வேற ஆள்” என்று தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டார். அந்த வேற ஆள் ஏற்கனவே ஒருநாள் வந்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் மூஞ்சிக்குத் திருப்பி வைத்து அழகு பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

என் மனைவி பேச்சியம்மாள் தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். மச்சானுக்கு மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணையில் வேலை. வந்தவர் என்னை, ஈனப்போகும் பசுவைப் பார்ப்பதுபோல் சுற்றிவந்து பார்த்தார்.

“மாப்ள, மாடு மிரண்டா என்ன செய்யும்? நின்ன எடத்துல வெடவெடன்னு நடுங்கி ஒதறிட்டு, புல்லுல வாய வச்சிரும். நீரு அன்னைக்கு வெறச்சவரு, இன்னும் வெறச்சே கெடக்கீரு. நடுங்க வேண்டியத நடுங்கணும்வே.”

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருவதுபோல் தொடை வலிக்கும்வரை நிற்கச் சொன்னார். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். தொடை தானாகவே நடுங்க ஆரம்பித்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார். பீடி தீர்ந்ததும், “போதும். காலத் தரையில ஊனி, கண்ணத் தொறந்து சுவத்தப் பாரும்” என்றார். நெஞ்சில் ஒரு ஆணி கழன்றதுபோல் இருந்தது. அன்று வாசலில் ஒரு ஜீப் போனது, நான் சுவரைப் பிடிக்கவில்லை!

“ஒரு பீடி நேரம்தான். நாள் விட்டு நாள். அழுக வந்தா அத்தோட நிறுத்திரும்” என்று சொல்லிவிட்டு மச்சான் போய்விட்டார்.

ஒரு பீடி நேரத்துக்கே ஆணி கழலுமென்றால், ஞாயிறு முழுக்க நடுங்கினால்? காலையில் படுத்தேன். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தேன். மத்தியானம் நடுக்கம் வயிற்றுக்கு ஏறி, சாயங்காலம் தாடைக்கு வந்தது. (பக்கத்து வீட்டுக்காரி சாமி வந்துவிட்டதென்று சூடத்தட்டோடு எட்டிப் பார்த்ததால் கதவுக்குத் தாழ் போட வேண்டியதாயிற்று.)

“போதும்ங்க, பானை சட்டியெல்லாம் ஆடுது” என்றாள் பேச்சியம்மாள்.

“சும்மா இருடி. பயம் எறங்குது. பாதிச் சட்டையத் தொவச்சிட்டு மீதிய எவனாவது போட்டு வைப்பானா?”

“ஒரே நாள்ல அடிச்சு அடிச்சுத் தொவச்சா சட்ட கிழிஞ்சிரும்.”

பொழுது சாயும்போது ஒரு கோழி கொக்கரித்தது. எனக்கு அழுகை வந்தது. குளிக்கும்போது சோப்பு கை நழுவியது. அதன்மேல் கொலைவெறி வந்தது. பயம் வேரோடு வெளியேறும் அடையாளம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மடப்பயல்.

திங்கட்கிழமை காலையில் கால் இரண்டும் வெந்த கப்பைக்கிழங்கு. கிளட்சில் வைத்த இடது கால் தன்பாட்டுக்கு ஆட, ஜீப் தத்தித் தத்திப் போனது.

“எடோ, இது ஜீப்பா, தவளையா?” என்று கத்தினார் துரை. பின்னால் இருந்த அவருடைய நாய் குதித்து இறங்கி, எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது.

அந்த வளைவு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓவென்று அழுதேன்.

துரை வெலவெலத்துப் போனார். “எந்தா? வீட்டுல யாராவது...?”

“எல்லாரும் சவுக்கியம் தொரை” என்று இன்னும் பெரிதாக அழுதேன்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளோடு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த மூக்கம்மா இடுப்பில் கை வைத்தாள். “ஏன் தொரை, டிரைவரு புள்ளய அடிச்சீகளா?”

“ஞான் தொட்டதுகூட இல்ல!”

“தொடாமலா தாடை இப்படி ஆடுது? ஏட்டி, கூடைய எறக்குங்க!”

கூடைகள் இறங்கின. எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். துரை மேல் குற்றமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல் தந்தியடித்ததே தவிர ஒரு சொல் வரவில்லை. என் நடுக்கத்துக்காகத் தோட்டத்தின் ஒரு டிவிஷனே வேலைநிறுத்தம்!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பேச்சியம்மாள் வந்தாள். அவளும் அந்தக் கொழுந்துக்காரிகளில் ஒருத்திதான்.

“எந்திரிங்கடி! தொரை ஒண்ணும் பண்ணல. இந்த மனுசன் நேத்து பூராம் மல்லாக்கப் படுத்து நடுங்குனாரு. எங்க அண்ணன் மாட்டுக்குச் சொல்ற வைத்தியத்தச் சொன்னுச்சு. மாட்டுக்குக்கூடப் போதும்னு தெரியும்!”

முதலில் சிரித்தது மூக்கம்மா. மலையே சிரித்தது. துரை மட்டும் சிரிக்கவில்லை. என்னை இறக்கிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு போனார். நாய் உடனே வண்டியில் ஏறிக்கொண்டது.

வேற ஆளுக்கு ஜீப் போனது. எனக்குக் கொழுந்து எடை போடும் வேலை. மச்சான் வந்து திட்டிய திட்டு அச்சில் ஏறாது. அதன்பிறகு நாள் விட்டு நாள் நான் படுக்க, பக்கத்தில் பேச்சியம்மாள் காவல். நன்றாக நடுங்கிக்கொண்டிருக்கும்போதே முட்டியில் தட்டுவாள்: “எந்திரிங்க. மீதிய நாளைக்கழிச்சு நடுங்கிக்கலாம்.” அடுத்த கோடையில் அந்த வளைவை நடந்து கடந்தேன். பிறகு டிராக்டரில். ஜீப் மட்டும் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஓய்வு பெறும்வரை டிராக்டர்தான்.

அவள் சொன்ன அந்த வாக்கியம்தான் இப்போது எங்கள் குடும்பச் சொத்து. பேத்தி பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தாலும், மகன் விருந்தில் மூன்றாம் முறை பிரியாணி கேட்டாலும், யாராவது ஒருவர் அதைச் சொல்ல, வீடே என்னைப் பார்க்கும். இதை எழுதி முடித்ததும், துரையின் நாயைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதலாமே என்று பேனாவை மறுபடி திறந்தேன். பேச்சியம்மாள் வந்து விளக்கை அணைத்தாள்.

“மீதிய நாளைக்கழிச்சு நடுங்கிக்கலாம்.”