அமைதிக் கருவித் தேர்வுக் குழுவின் தீர்மானம்

வெந்நீர்க் குழாயில் கரண்டி விழத் தொடங்கியபோது மணி மதியம் ஒன்று பத்து. அந்த நேரத்தில் ராரெஷின் கிட்டார் ஒரு கொசு அளவுக்குக்கூடச் சத்தம் போடவில்லை.

டங். டங். டங்.

கலாட்ஸ் நகரத்து அடுக்குமாடிகளில் குளிருக்கு அறையைச் சூடாக்கும் எல்லா வீட்டு ஹீட்டருக்கும் ஓடுவது ஒரே வெந்நீர்க் குழாய்தான். ஒரு வீட்டில் சத்தம் கூடினால் இன்னொரு வீட்டுக்காரர் அந்தக் குழாயைக் கரண்டியால் தட்டுவார். ஒன்பது மாடிக்கும் கேட்கும். யாருக்கான கண்டனம் என்பது மட்டும் யாருக்கும் விளங்காது. அதனால் கட்டடமே மொத்தமாகக் குற்ற உணர்ச்சியோடு டிவியைக் குறைத்துக்கொள்ளும்.

ராரெஷ் ஹெட்ஃபோனைக் கழற்றுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் பொம்பிலியு. எஃகு ஆலையில் முப்பது வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை கொடுத்த கைக்கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. சங்கம் கொடுத்த ரப்பர் ஸ்டாம்பு மட்டும் சட்டைப் பையில் உயிரோடு இருந்தது.

"ஒன்னுலேர்ந்து ரெண்டு வரைக்கும் அமைதி நேரம். நீ கிட்டார் வாசிக்கிறேன்னு புகார் வந்திருக்கு, தம்பி."

"சத்தமே வரலையே சார். எல்லாம் ஹெட்ஃபோனுக்குள்ள போகுது. நீங்களே மாட்டிக் கேளுங்க."

"கேட்டதா புகார் இல்ல. பார்த்ததா புகார்." அவர் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். "'மேற்படி இளைஞரின் தலை மேலும் கீழுமாக ஆடியதை என் சமையலறை ஜன்னல் வழியே நேரில் கண்டேன். சத்தம் இல்லாமல் ஒரு தலை அவ்வாறு ஆட முகாந்திரம் இல்லை.' கையெழுத்து, ஆரிகா."

கட்டடம் 'ட' போல மடிந்து நிற்பது. ஆரிகா ஆன்ட்டியின் சமையலறை ஜன்னல் ராரெஷின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

ராரெஷுக்கு வயது பதினெட்டு. பள்ளிக்கூடம் போதும் என்று மார்ச் மாதமே நின்றுவிட்டான். வாழ்க்கையில் அவனுக்கு வேண்டியது இப்போது ஒன்றே ஒன்று. யாஷ் நகரத்து இசைக்குழு ஒன்று இந்தக் கோடை முழுவதும் கடற்கரையில் வாசிக்கப் போகிறது. அவர்களுக்கு ஒரு ஆள் தேவை. மூன்று நிமிஷப் பதிவை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அன்று செவ்வாய்.

அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபயரை பிப்ரவரியிலேயே சங்கம் சீல் வைத்து, அடித்தளத்தில் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டது. ஆகவே மாடலர். பெரிய ஆம்ப்ளிஃபயர் எப்படி அலறுமோ அப்படியே அலறிக் காட்டும் பெட்டி அது. அலறல் ஹெட்ஃபோனைத் தாண்டாது, நேரே கம்ப்யூட்டரில் பதிவாகும். பிடிக்காவிட்டால் முப்பது நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் சொன்னதால் இரண்டு வாங்கியிருந்தான். ஒன்று ஷூ டப்பா அளவு, உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் குரல். இன்னொன்று சோப்பு டப்பா அளவு, பன்னிரண்டு குரல்.

எது நல்லது என்று முடிவெடுக்க மூன்று வாரமாக அறுபத்து மூன்று வீடியோக்கள் பார்த்திருந்தான். ஒவ்வொன்றிலும் தாடி வைத்த ஒருவர் நாற்பது நிமிஷம் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றி மாட்டி, கடைசியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, ஆனால் உணர்வு வேறு என்று தீர்ப்புச் சொன்னார். அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு பாட்டை முழுதாக வாசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வாரத்தில் ராரெஷும் வாசிக்கவில்லை.

பொம்பிலியு கருணை உள்ளவர்தான். தடை போட மாட்டேன், விதிப்படி அனுமதி தருகிறேன் என்றார். விதி என்னவென்றால், பொது அமைதி சம்பந்தப்பட்ட எந்தக் கருவியையும் மூன்று கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். லிஃப்ட் பல்பைக்கூட அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு மாதம் ஆனது. பல்பு பிரமாதமாக எரிகிறது. அது வந்த நாளிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை.

"என்கிட்ட ரெண்டுதானே சார் இருக்கு?"

"மூணாவது ஒன்னு வேணும். பிளக்கும் ஒயரும் இருந்தா போதும். நாலாவது மாடி ஜெலு குடுப்பான்."

நாலாவது மாடி ஜெலுவிடம் ஒரு ட்ரில் மெஷின் இருந்தது. பதின்மூன்று வருஷமாக அவர் ஒரே சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் எதை மாட்டப் போகிறார் என்பதை அவர் மனைவிகூட விசாரிப்பதை விட்டுவிட்டாள். அவரே கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் இரண்டாவது உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார், கருவி அவருடையது என்பதால் விஷயம் தெரிந்திருக்கும் என்று.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அமைதிக் கருவித் தேர்வுக் குழு ராரெஷின் அறையில் கூடியது. சோதனை அமைதி நேரத்தில்தான் நடக்க வேண்டும், இல்லையென்றால் அமைதியை எப்படி அளப்பது என்று தலைவர் கேட்டார். ஆரிகா ஆன்ட்டி செவிச் சாட்சி. அவள் தன் சமையலறையிலேயே இருப்பாள். தொந்தரவு ஏற்படும் ஒவ்வொரு முறையும் குழாயில் ஒரு தட்டு. நடவடிக்கை முழுவதும் ஆதாரத்துக்காகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்றதால் ராரெஷ் கம்ப்யூட்டர் மைக்கையும் திறந்து வைத்தான். கிட்டாரும் மைக்கும் ஒரே பதிவில் கலந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தான். கலக்கட்டும், ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்றார் தலைவர்.

முதலில் ஷூ டப்பா.

"உள்ள எத்தனைன்னு போட்டிருக்கு?"

"இருநூத்திப் பன்னெண்டு ஆம்ப், சார்."

"ஒன்னு எத்தனை வாட்?"

"நிஜத்துல நூறு வாட் இருக்கும். ஆனா இதுல எதுவும் நிஜம் இல்ல, வெறும் நடிப்பு."

"இருநூத்திப் பன்னெண்டுங்கிற எண்ணிக்கை நிஜமா?"

"அது நிஜம்தான்."

"இருபத்தோராயிரத்து இருநூறு வாட். இந்தக் கட்டடத்து ஒயர் தாங்காது." ஸ்டாம்பு விழுந்தது. அறுபத்து மூன்று தாடிக்காரர்களால் தீர்க்க முடியாத கேள்வியை எஃகு ஆலை ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிட்டது.

அடுத்தது சோப்பு டப்பா. இரண்டாவது ஹெட்ஃபோனைப் பொம்பிலியு மாட்டிக்கொண்டார். ராரெஷ் வாசித்தான், மூன்று நிமிஷமும், ஒரு தப்பும் விடாமல். மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு பாட்டை முழுசாக வாசித்ததில் அவன் தலை தன்பாட்டுக்கு ஆடியது. எதிர் ஜன்னலில் ஆரிகா ஆன்ட்டி அந்தத் தலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலை இறங்கும்போதெல்லாம் குழாயில் டங். தலை வேகமெடுத்தால் கரண்டியும் வேகமெடுத்தது. நடுவில் அவன் ஒரு கணம் தலையை நிறுத்தினான், கரண்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் பொம்பிலியு. ஹெட்ஃபோன் போட்டவர் பேசும் குரல் அது, தெருவில் போன பஸ் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அதை ஜெலு தொந்தரவு என்று எழுதப் போனபோது, தலைவரின் கருத்து சத்தம் ஆகாது என்று அடித்துவிட்டார்கள்.

மொத்தம் முன்னூற்று நாற்பத்தொரு தட்டு.

கடைசியில் ட்ரில். ஜெலு ராரெஷின் சுவரில் மூன்று நிமிஷம் ஓட்டை போட்டார். சுண்ணாம்பு கொட்டியது. மேல்மாடியில் குழந்தை அழுதது, நாய் ஒன்று குரைத்தது, அதைக் கேட்டு இன்னொரு நாய். குழாயில் ஒரு தட்டுகூட விழவில்லை.

பொம்பிலியு ஜன்னலைத் திறந்தார். "ஆரிகாம்மா, ஏதாவது கேட்டுச்சா?"

"எப்போ?"

"இப்போதான், மூணு நிமிஷமா."

"ஜெலுவோட ட்ரில்லா? அதைப் பதிமூணு வருஷமா கேக்குறேனே. அது சத்தமா? மனுஷன் தலையை அசைக்காம எவ்வளவு அடக்கமா நிக்கிறான் பாருங்க."

தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது. மாடலர் முன்னூற்று நாற்பத்தொன்று, ட்ரில் பூஜ்யம். வீட்டில் அமைதியாக ஒலிப்பதிவு செய்ய உகந்த கருவியாக ட்ரில் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தினமும் ஒன்றிலிருந்து இரண்டு வரை அதை ராரெஷுக்குக் கொடுத்துதவ ஜெலு பெரிய மனதுடன் சம்மதிக்கிறார். தோற்ற பெட்டிகள் இரண்டும் சீல் வைக்கப்பட்டு முட்டைக்கோஸிடம் போயின.

வெள்ளி மாலை ஐந்தரைக்கு ராரெஷின் கையில் சங்கத்தின் ஸ்டாம்பு குத்திய ஒரு சான்றிதழும், ஒரு ட்ரில்லும், குழுவின் ஆதாரப் பதிவும் இருந்தன. பதிவில் அவன் கிட்டார் இருந்தது. கரண்டி இருந்தது. நல்லாத்தான் இருக்கு என்று ஒரு எஃகு ஆலைக் குரலும் இருந்தது. கரண்டியைப் பிரித்தெடுக்க வழியில்லை. ட்ரில்லை மட்டும் வெட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

சனிக்கிழமை காலை இசைக்குழுவின் பாடகி இலிங்கா போன் செய்தாள்.

"கிட்டார் பரவால்ல. அதே மாதிரி நாப்பது பேர் அனுப்பியிருக்காங்க. எல்லாம் ஒரே பெட்டிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு. அந்த இரும்புத் தாளம் போட்டது யாரு?"

"பக்கத்து வீட்டு... ஒருத்தங்க."

"நடுவுல ஒரு இடத்துல நிறுத்தினாங்களே. எங்க பழைய டிரம்மருக்குப் பத்து வருஷமா அது வரலை. சரி, கிட்டார் ஆள் எங்களுக்குக் கிடைச்சாச்சு. நீ என் நம்பரை அவங்ககிட்ட குடுத்து, இன்னைக்கே பேசச் சொல்லு. கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறோம்."

ராரெஷ் நம்பரை எழுதிக்கொண்டான். சான்றிதழின் பின்பக்கம்தான் கைக்கு அகப்பட்டது. ஓடாத லிஃப்டைத் தாண்டிப் படியில் இறங்கி, கட்டடத்தின் அடுத்த வாசல் வழியே ஏறி, மணியை அடித்தான். ஆரிகா ஆன்ட்டி கதவைத் திறந்தாள். உள்ளே அடுப்பில் புளிப்பு சூப் கொதித்தது. கையில் அந்தக் கரண்டி, தலைப்பக்கம் நசுங்கியிருந்தது.

"என்னப்பா, ட்ரில் பழகிருச்சா? கடலுக்கு எப்போ கிளம்புற? நான் கடலைப் பார்த்தே இருபது வருஷம் ஆச்சு."

அவன் கரண்டியைப் பார்த்தான். காகிதத்தை மடித்தான்.

"அதில்ல ஆன்ட்டி. சங்கத்துல புது விதி வந்திருக்கு. இனிமே குழாய்ல தட்டணும்னா மூணு கரண்டியை ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் தட்டணுமாம்."

"நியாயம்தானே," என்று அவள் உள்ளே போய் கரண்டிகளைத் தேட ஆரம்பித்தாள்.

நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் கொடுக்கவில்லை.