முள் காட்டிய பொய்

“நாப்பதுல ஓட்டினா முப்பத்தேழுதான் காட்டுது. ஃபெயில்,” என்றார் பரிசோதகர் கெர்ஷா.

வில்ஃபிரட் ஆக்ராய்டுக்கு மூச்சு வாங்கியது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைக் கோத்து, ஆறு வருஷம் தன் கையால் கட்டிய கார். பிரேக், விளக்கு எல்லாம் தேறிவிட்டன. வேகம் காட்டும் முள் மட்டும் மூன்று மைல் குறைத்துச் சொல்கிறது. கொஞ்சம் கூட்டிச் சொன்னால் சட்டம் மன்னிக்கும். குறைத்துச் சொன்னால் மன்னிக்காது. தேறாத காருக்கு நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத கார், பரிசோதனைக்குப் போய்வர மட்டும்தான் யார்க்ஷயர் ரோட்டில் ஓடலாம்.

“முந்தாநாள்தானே சரி பண்ணேன்!”

“அது இருக்கட்டும். இந்த சிலிண்டர் காரோட சேர்ந்ததா? கட்டாம கிடக்கே.”

“அது என்னோட சேர்ந்தது. ஆக்ஸிஜன்.”

கெர்ஷா தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

பிரேக் பட்டறையில் முப்பது வருஷம் விழுங்கிய தூசி நுரையீரலில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அவர் கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது ஆகஸ்ட்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கக் காரைத் தள்ளினார். மனைவி ஹேசல் டேப் பிடித்தாள். பத்தடிக்குள் இருமல் அவரை மடக்கிப் போட்டது.

“நீ காரைத் தள்ளுறியா, கார் உன்னைத் தள்ளுதா?”

“வாயை மூடிட்டு டேப்பைப் பிடி.”

ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டு, மீட்டரிலிருந்த சின்னப் பொத்தானை அமுக்கிப் புது எண்ணை ஏற்றினார். அதையே கராஜ் சுவரிலும் சாக்பீஸால் எழுதி வைத்தார்.

முதல் தடவை போலவே இரண்டாம் முறையும் ஹேசல் துணைக்கு வந்தாள். நாற்பதுக்கு ஐம்பத்தாறு காட்டியது முள்.

“இது காரில்ல, ராக்கெட்டு,” என்றார் கெர்ஷா. “ஃபெயில்.”

வீட்டில் பார்த்தால் மீட்டரில் இருந்த எண் வேறு, சுவரில் இருந்த எண் வேறு. மீட்டர்தான் கோளாறு என்று முன்பலகையைப் பிரித்துப் புதிதாக ஒன்று மாட்டினார். அதில் பலகையின் ஓரம் உடைந்தது. மூன்றாம் முறை நாற்பதுக்கு முப்பத்தொன்று. கூடவே, உடைந்த ஓரம் கையைக் கிழிக்கும் என்று இன்னொரு ஃபெயில். எண் மறுபடியும் மாறியிருந்தது.

அன்றுதான் வில்ஃபிரட் பயந்தார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று பிறந்த தேதி, தெருப் பெயர், கல்யாண நாள் எல்லாம் ஒப்பித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே வந்தன.

“ஹேசல், வியாதி தலைக்கு ஏறிடுச்சோ? நான்தான் மாத்தி மாத்தி அமுக்குறேனா?”

“எழுபத்தொண்ணு ஆச்சில்ல, வில்ஃப். மறதி வரத்தான் செய்யும்.” அவள் உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரவெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. சாவதற்குத் தயாராகத்தான் இருந்தார். புத்தி பேதலித்துச் சாவதற்குத் தயாராக இல்லை.

உடைந்த ஓரத்தை வழவழவென்று தேய்த்தார். எண்ணை ஏற்றி, இரண்டு தடவை சரிபார்த்து, பொத்தானின் மேல் பசையை ஊற்றி மூடினார். கல் மாதிரி இறுகிவிட்டது.

“இனி நானே நினைச்சாலும் தொட முடியாது,” என்றார்.

ஹேசல் அதை விரலால் தடவிப் பார்த்தாள். மறுநாள் காலை, தலைவலி என்று அவள் வரவில்லை.

நாற்பதுக்கு நாற்பத்திரண்டு. கெர்ஷா காகிதத்தில் முத்திரை குத்தி, கையையும் குலுக்கினார்.

வில்ஃபிரட் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சமையலறையில் சிலிண்டர் மாற்ற வந்த நர்ஸ் மெரிலுக்கு ஹேசல் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பார்த்ததும் கெட்டிலை வைத்துவிட்டு, நாற்காலியில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“பாத்தீங்களா நர்ஸ், சந்தோஷத்துல அழுறா!”

மெரில் அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஐயோ, பாஸாயிடுச்சா? ‘கார் ரோட்டுக்கு வர்ற அன்னிக்கு மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிஞ்சிடுவேன்’னு டாக்டர்கிட்ட நீங்க சத்தியம் பண்ண நாள்லேர்ந்து, பாவம், அந்தப் பொத்தானை அவங்கதானே அமுக்கிக்கிட்டிருந்தாங்க!”