ஜீப்பில் டம்ளர் வைக்க ஓர் இடம்

மாட்டுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் பத்ரிநாராயணன் அவர்களுக்கு, மைத்துனன் சங்கரன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் ஒருவனைத் தவிர எல்லோரும் சௌக்கியம். பாலக்காட்டில் தங்களுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டு மிக்க சந்தோஷம். ஒரு மாதத்துக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். தயவுசெய்து அதன்படி நடந்துகொள்ளவும். அக்கா அபயாம்பாளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் அக்காவிடம் மூச்சு விட வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்தில் அக்கா இருப்பாள். வாட்ஸ்அப்பில் போடலாமென்றால் குடும்பக் குழுவில் நாற்பத்திரண்டு பேர், அதில் பத்துப் பேராவது ஜீப்பைப் பற்றி எனக்குப் புத்தி சொல்லக் காத்திருக்கிறார்கள். ஆகவேதான் நமக்குள் மட்டும் இருக்கட்டும் என்று இருபது வருஷத்துக்குப் பிறகு பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். உங்கள் ஜீப்பை நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய டிரைவர் தளவாயை அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்புங்கள். நான் சாவியோடு ஸ்டேஷனுக்கே வந்து நிற்கிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன் நீங்கள் எஸ்டேட்டை விற்றபோது, "சங்கரா, எல்லாத்தையும் வித்துட்டேன், இதை மட்டும் விக்க மனசு வரலை, நீ வச்சுக்கோ" என்று லாரியில் ஏற்றி அனுப்பினீர்களே, அந்த 1968-ஆம் வருஷத்து ஜீப் மலை ஏறும், ஆற்றில் இறங்கும், சேற்றிலிருந்து யானையையே இழுக்கும் என்றெல்லாம் சொன்னீர்கள். எல்லாம் வாஸ்தவம். சயான் சிக்னலில் மட்டும் நின்றுவிடும். வந்த முதல் வாரமே செம்பூரில் ஒரு கல்யாணம் என்று ராஜலக்ஷ்மியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப்போனேன். வழியில் குடிக்கலாம் என்று ஃபிளாஸ்கில் காபி கொண்டு வந்திருந்தாள். டம்ளரில் ஊற்றினாள். வைக்க இடம் தேடினாள். இருந்தால்தானே? மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த பள்ளத்தில் டம்ளர் கவிழ்ந்து கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவை முழுக்கக் காபி. கல்யாணத்தில் சாப்பாடு முடியும்வரை கைப்பையால் மடியை மறைத்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில், நான் ஜீப்பில். "காபி வைக்க ஒரு இடம் இல்லாத வண்டியில இனிமே நான் ஏறமாட்டேன்" என்றாள். பதினைந்து வருஷமாக ஏறவில்லை.

ஞாயிறுதோறும் நான் தனியாகத்தான் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி வருகிறேன். பக்கத்து சீட்டில் காய்கறிப் பை உட்கார்ந்து வருகிறது. எனக்கும் அறுபத்தேழு ஆகிறது, இன்னும் எத்தனை நாள் இந்தப் பையோடு சுற்றுவது என்று போன மாதம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "ராஜி, ஒரே ஒரு தடவை வாயேன்." அவள் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அரை மார்க் கூடப் போடமாட்டாள், அரை மார்க் குறைக்கவும் மாட்டாள். நிபந்தனை போட்டாள்: "சரி, வரேன். மாட்டுங்காலேருந்து செம்பூர் வரைக்கும் காபி டம்ளர் வண்டியில வச்ச இடத்துலயே இருக்கணும். டம்ளர் நிறையக் காபி. ஒரு சொட்டுக் கீழ விழப்படாது. விழலைன்னா வண்டி நம்மளோடது, நானும் வாராவாரம் வரேன். விழுந்துதுன்னா வண்டி அத்திம்பேருக்குத் திரும்பிப் போயிடணும்." ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்ய? எனக்கு ஜீப் வேண்டும் அத்திம்பேர். அதைவிட, அந்த சீட்டில் அவள் வேண்டும்.

முதலில் கடைக்குப் போய் ரெடிமேட் கப் ஹோல்டர் கேட்டேன். கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததெல்லாம் தண்ணீர் பாட்டிலுக்கும் காகிதக் கப்புக்கும் செய்தவை. நம் டம்ளரை விட்டால் ஒன்றில் தொபுக்கென்று உள்ளே போய்விட்டது, இன்னொன்றில் வாயோடு மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. "அங்கிள், ஸ்டீல் கிலாஸ் மே கௌன் பீதா ஹை காடி மே?" என்று, வண்டியில் எவன் ஸ்டீல் டம்ளரில் குடிக்கிறான் என்கிற மாதிரி, அவன் சிரித்தான். நாங்கள்தான் குடிக்கிறோம், உனக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாமென்றால் அந்த நேரம் பார்த்து ஹிந்தி வரவில்லை.

அப்புறம் தாராவியில் அபுதாஹிர் என்பவரைப் பிடித்தேன். ஓட்டல்களுக்குத் தகடு வளைத்துப் பாத்திர ஸ்டாண்டு செய்கிறவர். திருநெல்வேலிப் பக்கம். டம்ளரையும் டபராவையும் கையில் வாங்கி, வாய், அடி, உயரம், சரிவு என்று எல்லா அளவும் எடுத்தார். "இதுல என்ன சார் இருக்கு? ஒரு வளையம். நாளைக்கு வாங்க, ஏக்தம் ஃபிட்டா மாட்டித் தந்துருதேன்" என்றார். அந்த "நாளைக்கு" ஐந்து வாரமாக வந்துகொண்டே இருக்கிறது.

முதல் வளையம் அழகாகத்தான் இருந்தது. உள்ளே ரப்பர் ஒட்டி, டம்ளரின் விளிம்பு வளையத்தின்மேல் கச்சிதமாக உட்காரும்படி செய்திருந்தார். காபி ஊற்றி அவருடைய சந்திலேயே ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டம்ளர் சிலையாக நின்றது, உள்ளே இருந்த காபி மட்டும் எழும்பி என் சட்டைப் பையில் விழுந்தது. அபுதாஹிர் குனிந்து டம்ளரைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "டம்ளர் ஆடல சார். காப்பிதான் ஆடுது."

அடுத்த வாரம் டம்ளரை மூன்று சங்கிலியில் தொங்கவிட்டார். பிரேக் போட்டதும் அது முன்னே போய்ப் பின்னே வந்து என் முழங்காலில் ஓர் அடி கொடுத்துவிட்டுக் கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது கியரிலிருந்து வண்டியை மீட்கவே அரைமணி நேரம். நான் கேட்டது டம்ளர் வைக்க ஓர் இடம், இவர் செய்தது ஊஞ்சல். அதற்கடுத்த வாரம் மூடி. மூடி போட்டால் சிந்தாது என்று எனக்கே தோன்றாமல் போயிற்றே என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ராஜி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மூடி வச்சா நுரை போயிடும். நுரை போன காபிக்குக் கஷாயம்னு பேர்" என்றாள். மூடி அதோடு சரி. இதற்கிடையில் தண்ணீரை வைத்துச் சோதித்தால் சரிவராது, காபியின் கனம் வேறு என்று அபுதாஹிர் சொல்லிவிட்டதால், தினமும் ஒரு ஃபிளாஸ்க் காபி தாராவிக்குப் போனது. ஊற்றினது போக மீதியை அவரும் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களும் குடித்தார்கள். "கிளப்புக்கு ஊத்தற மாதிரின்னா டிகாக்‌ஷன் போறது" என்று ராஜி முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

ஐந்தாவது வாரம் போனில் அபுதாஹிர். குரலிலேயே துள்ளல். "சார், எங்க மச்சான் கப்பல்ல வேலை பாக்காவ. கப்பல் எப்படிச் சாஞ்சாலும் திசைகாட்டி மட்டும் நேரா நிக்குமாம்லா. வளையத்துக்குள்ள வளையம்! படம் அனுப்பிருக்காவ. வாங்க சார், இன்னைக்குப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அசந்துபோனேன். வெளி வளையம் முன்னும் பின்னும் அசையும், உள் வளையம் இடமும் வலமும் அசையும், அடியில் ஸ்கூட்டர் சீட்டின் ஸ்பிரிங், அதற்கும் கீழே டபரா. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் டம்ளர் நெட்டுக்குத்தாக நிற்கிறது. என் அவசரத்தில் அவரைக் கட்டிக்கொண்டேன், சட்டையெல்லாம் கிரீஸ்.

இன்று காலை பரீட்சை. ராஜி அதே கத்திரிப்பூப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். காபிக்கறை இன்னும் மடிப்பில் இருக்கிறது, பாடம் மறக்கக் கூடாது என்று கட்டினாளாம். டம்ளர் தளும்பத் தளும்ப அவளே ஊற்றி வளையத்தில் வைத்தாள். சாட்சிக்கு அபுதாஹிர் பின் சீட்டில், கண்ணை டம்ளரை விட்டு எடுக்காமல். நான் ஓட்டினேன். "சயான் தாண்டியாச்சு சார், சொட்டு இல்ல" என்றார். என் ஜென்மத்தில் முதல் தடவையாக ஜீப் சயான் சிக்னலில் நிற்கவில்லை. சுனாபட்டியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறான், அதில் குதித்து ஏறினோம். "சொட்டு இல்ல!" செம்பூர் முருகன் கோயில் கோபுரம் தெரிந்தது. "சொட்டு இல்ல சார்! மாஷா அல்லாஹ்!" என்று அவர் கத்தினார். எனக்குக் கண் கலங்கியே போய்விட்டது. ராஜி சிரித்தாள். அத்திம்பேர், அவள் அந்த சீட்டில் உட்கார்ந்து சிரித்தாள்! "இன்னும் சூடு ஆறலை போலிருக்கே" என்று ஆசையாக டம்ளரைக் கையில் எடுத்தாள்.

எடுத்தவள், தலையை நிமிர்த்தி, டம்ளரை ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டம்ளரின் வாய் எத்தனை அங்குலம், அடி எத்தனை அங்குலம் என்று ஐந்து வாரம் அளந்தோமே, அதை அவள் எப்படிக் குடிப்பாள் என்று ஒருத்தர் யோசித்தோமா? அபுதாஹிர் வாய் வைத்து உறிஞ்சுகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவன் நான். முப்பத்தெட்டு வருஷமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். கல்யாணமாகி வந்த மறுநாள் காலை அக்கா அவள் கையில் டம்ளரைக் கொடுத்து, "எச்சில் பண்ணாதே, தூக்கிக் குடி" என்றாளே, அன்றிலிருந்து இன்றுவரை அவள் உதடு எந்த டம்ளரிலும் பட்டதில்லை. அக்கா போட்ட சட்டத்துக்குப் பாலக்காட்டில் வேண்டுமானால் ரோடு இருக்கும், பம்பாயில் இல்லை.

ராஜி சாய்க்கவும், ஓர் ஆட்டோக்காரன் குறுக்கே புகவும், நான் பிரேக்கில் ஏறி நிற்கவும் சரியாக இருந்தது. நெற்றி, மூக்குக் கண்ணாடி, புடவை, எல்லாம் காபி. பழைய கறைக்குப் பக்கத்திலேயே புதுக்கறை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், இறங்கினாள், கோயிலுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அபுதாஹிர் மட்டும் காலி வளையத்தைக் காட்டி, "வளையத்துல ஒரு கொறையும் இல்ல சார்" என்று மெதுவாகச் சொன்னார். அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டேன். பாவம்.

ஆகவே, தோற்றுவிட்டேன். தளவாயை அனுப்பவும். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விட்டுக்கொள்ளவும். பாலக்காட்டில் எல்லோரும் தீர்க்காயுசாக, என்னைப்போல் இல்லாமல் நிம்மதியாக இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கும்,

தங்கள் மைத்துனன்
சங்கரன்

பி.கு.: இன்று புதன்கிழமை. ஸ்டாம்ப் வாங்கப் போகாமல் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. நல்லதாயிற்று. தளவாயை அனுப்ப வேண்டாம்.

காலையில் ராஜி ஃபிளாஸ்கோடு வந்து நின்று, "வண்டியை எடுங்கோ" என்றாள். வண்டிதான் அத்திம்பேருக்கு என்று ஆகிவிட்டதே என்றேன். "யார் சொன்னா? வச்ச இடத்துலேருந்து சிந்தப்படாதுன்னுதானே பேச்சு? அங்கேருந்து ஒரு சொட்டு சிந்தலை. என் கையிலேருந்துன்னா சிந்தித்து? மூணு நாளா யோசிச்சுப் பார்த்துட்டேன், ஜெயிச்சது நீங்கதான்" என்றாள். கணக்கு டீச்சர், சொன்னேனே.

ஆண்டாப் ஹில் பக்கம் போனோம். அங்கே ரோடு சுனாபட்டியைவிட மோசம். வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் டம்ளரை எடுத்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு சட்டென்று வாய் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். "இப்படிக் குடிச்சா சூடு நன்னாத்தான் இருக்கு" என்று பாதியைக் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள். அதே டம்ளர், அத்திம்பேர். குடித்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு காபி குடித்ததில்லை.

அப்படியே தாராவிக்குப் போய் அபுதாஹிரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அடுத்த மாதம் ஜீப்பிலேயே பாலக்காட்டுக்கு வருகிறோம். எச்சில் விஷயம் அக்கா காதுக்கு மட்டும் போகவே கூடாது. அது உங்கள் பொறுப்பு.

இந்த வரியை எழுதும்போது பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த ராஜி, "அத்திம்பேர்தான் ஒரு எழுத்தும் படிக்கப்படாதே, இதை யார் படிச்சுக் காட்டப்போறா?" என்று கேட்டாள். பதறிப்போய்க் கடிதத்தைக் கிழித்துப்போட எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டு, "படிக்கட்டும், ஸ்டாம்பை ஒட்டுங்கோ" என்றாள்.

ஆகவே, அக்கா, நமஸ்காரம். பின் சீட்டிலும் ஒரு வளையம் செய்யச் சொல்லியிருக்கிறோம். உன் டம்ளர் அளவை எழுது.