ஓட்டை பொறுக்காதவர்

மனிதரில் ஓட்டை பொறுக்காதவர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்முடையவருக்கு வேலை சிலிகான் பசை ஆலையில். அங்கே பாலிமரையும் சிலிகாத் தூளையும் ராட்சத எந்திரத்தில் பிசைந்து குழாய்களில் அடைத்து அனுப்ப, ஊரிலுள்ள குளியலறைகளும் கண்ணாடிக் கட்டடங்களும் ஒழுகாமல் நிற்கின்றன. நிற்கட்டும். ஆனால் நசுங்கிய குழாய்களை ஊழியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்களே, அங்கேதான் வந்தது வினை.

சனிக்கிழமை விடிந்தால் பசைத் துப்பாக்கியுடன் கிளம்பிவிடுவார். தொட்டி ஓரம், கதவு நிலை, பிய்ந்த செருப்பு, பல்லி குடியிருந்த விரிசல் (பல்லி வெளியே போயிருந்ததா என்று யார் கேட்டார்கள்?) எல்லாவற்றிலும் பீய்ச்சி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக வழித்து, இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்து ரசிப்பார். "நம்ம சரக்கு. இருபது வருஷம் அசையாது." பத்து நிமிஷம் போகும். காய்ந்ததா என்று தொடுவார். வீடு முழுக்க அவர் கைரேகை.

போன சனிக்கிழமை புதையலே கிடைத்தது. மகளுடைய அறையின் அலுமினிய ஜன்னலில், கண்ணாடி நகரும் தடத்தின் அடியில், வரிசையாக மூன்று ஓட்டைகள்.

ஜன்னலை ஒட்டிய மேசையில், கட்டடக் கலை படிக்கும் மகள் மூன்று வாரமாக ஒட்டிய அட்டை வீடு. திங்களன்று கல்லூரியில் வைத்தாக வேண்டும்.

"அப்பா, அது மழைத்தண்ணி வெளிய போற வழி. அடைச்சிடாதீங்க."

"போற வழின்னா வர்ற வழியும்தானே? நான் பாக்காத ஓட்டையா?"

"பாத்த ஓட்டைய விடமாட்டீங்களே, அதான் பயம்" என்றாள் மனைவி.

மகள் நூலகம் போனாள். ஓட்டைகள் மூன்றும் போயின.

ஞாயிறு மதியம் மழை. தடம் வாய்க்காலாயிற்று; வாய்க்கால் மேசைக்கு இறங்கிற்று; அட்டை வீட்டின் கீழ்த்தளம் கூழாயிற்று. மாடி மட்டும் கௌரவமாக மிதந்தது. அவர் பிளேடால் சுரண்டினார். அசையவில்லை.

"நம்ம சரக்காச்சே" என்றாள் மனைவி.

மகள் புது அட்டையை நீட்டினாள். இருட்டும்வரை அவர் கீழ்த்தளச் சுவர்களை வெட்டிக் கொடுத்தார். பசையைத் தொட அனுமதியில்லை. கடைசியில், யாரும் கேட்காமலே, அட்டை வீட்டின் ஒவ்வொரு ஜன்னலுக்கடியிலும் குண்டூசியால் மும்மூன்று ஓட்டை போட்டார்.

சிரிக்கிறீர்கள். சரி, பக்கத்தில் ஒருவர் இரண்டு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தால், மூன்றாவது நிமிஷம் "அப்புறம்?" என்று அந்த ஓட்டையை அடைப்பது யார்?